எச்.ஆர்.வி. உங்கள் வீட்டுக்குச் சரிவருமா? பயன்படுத்துகிற ஒருவரின் கருத்து

எச்.ஆர்.வி. எனப்படும் வெப்ப மீட்புக் காற்றோட்டக் கருவியைப் பற்றி விசாரிக்கிறவர்கள் எடுத்த எடுப்பில் எந்த பிராண்டு நல்லது என்றுதான் கேட்கிறார்கள். அதைக் கடைசியில் கேட்டால் போதும். உங்கள் வீட்டில் சந்து பொந்துகள் வழியாக எவ்வளவு காற்று தானாகவே போய் வருகிறது என்பதைத்தான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். அது தெரியாமல் யாருக்கும் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். எங்கள் வீட்டில் இந்தக் கருவி சில குளிர்காலங்களாக ஓடுகிறது, எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது, இன்னொரு வீடு கட்டினாலும் வைப்பேன். இருந்தாலும் எல்லா வீட்டுக்கும் இது ஏற்றதில்லை என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

வேலை செய்யும் விதம் எளிது. ஒரு ஃபேன் குளியலறை, சமையலறை, துணி துவைக்கும் இடம் ஆகியவற்றிலிருந்து பழைய காற்றை இழுத்து வெளியே தள்ளுகிறது, இன்னொரு ஃபேன் வெளிக்காற்றை ஃபில்டர் வழியாக எடுத்துப் படுக்கையறைக்கும் ஹாலுக்கும் அனுப்புகிறது. நடுவில் உள்ள பெட்டியில் இரண்டு காற்றும் மெல்லிய தகடுகளுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஓடும், ஒன்றோடொன்று கலக்காது, வெப்பம் மட்டும் தகட்டைத் தாண்டிப் போகும். உள்ளே 21 டிகிரி, வெளியே 0 டிகிரி, கருவியின் மீட்புத் திறன் 85 சதவீதம் என்றால் அறைக்குள் வரும் புதுக் காற்று ஏறக்குறைய 18 டிகிரியில் இருக்கும். அவ்வளவுதான். இது ஹீட்டர் இல்லை, ஏசியும் இல்லை. வீட்டைச் சூடாக்கும் என்று நம்பி வாங்கினால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

இப்போது கசிவுக்கு வருவோம். ஜன்னல் இடுக்கிலும் கூரை இணைப்பிலும் நுழைகிற காற்று இந்தப் பெட்டியைப் பார்ப்பதே இல்லை, அதனால் அதிலிருந்து ஒரு துளி வெப்பம்கூடத் திரும்பக் கிடைக்காது. எவ்வளவு கசிகிறது என்று அளக்க புளோயர் டோர் சோதனை இருக்கிறது. வாசல் கதவில் ஒரு பெரிய ஃபேனைப் பொருத்தி, 50 பாஸ்கல் அழுத்த வேறுபாட்டில் வீட்டுக் காற்று மணிக்கு எத்தனை முறை முழுதாக மாறுகிறது என்று பார்ப்பார்கள். மிகக் குறைந்த ஆற்றலில் இயங்கும் வீடுகளுக்கான பாஸிவ் ஹவுஸ் தரத்தின்படி அது 0.6க்கு மேல் போகக் கூடாது. 3க்குள் இருந்தால் கருவியைப் பற்றித் தாராளமாக யோசிக்கலாம். 8, 10 என்று வந்தால் அந்தப் பணத்தை ஓட்டைகளை அடைப்பதில் போடுங்கள், அப்புறம் மறுபடி அளந்து பாருங்கள். 1977இல் கனடாவின் ரெஜைனா நகரில் கட்டப்பட்ட சஸ்காட்செவன் கன்சர்வேஷன் ஹவுஸில் இந்த மாதிரி கருவி வைத்தார்கள் என்றால், வீட்டைக் காற்றுப் புகாதபடி இறுக்கமாக அடைத்துவிட்டதால்தான் அது தேவைப்பட்டது. வரிசை அதுதான்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. புது ஜன்னல், தடிமனான இன்சுலேஷன் என்று எல்லாவற்றையும் இறுக்கிவிட்டுக் காற்றோட்டத்துக்கு எந்த வழியும் செய்யாமல் விட்டால் மூலைகளில் பூஞ்சை வரும், கண்ணாடியில் தண்ணீர் வடியும். அந்த வீட்டுக்கு ஏதோ ஒரு காற்றோட்டம் வேண்டும் என்பதில் சந்தேகமே இல்லை. அது எச்.ஆர்.வி.யா, நல்ல எக்ஸாஸ்ட் ஃபேன் போதுமா என்பதுதான் யோசிக்க வேண்டியது.

அதை ஒரு சின்னக் கணக்கில் பார்த்துவிடலாம். ஆளுக்கு மணிக்கு 30 கன மீட்டர் என்று நாலு பேருக்கு 120 கன மீட்டர் காற்று. ஒரு கன மீட்டர் காற்றை ஒரு டிகிரி சூடாக்க ஏறக்குறைய 0.33 வாட்-மணி வேண்டும். உள்ளுக்கும் வெளிக்கும் 20 டிகிரி வித்தியாசம் இருந்தால் காற்றோட்டத்தில் மட்டும் ஏறக்குறைய 800 வாட் வெப்பம் வெளியே போகிறது, 85 சதவீதம் மீட்டால் 680 வாட் கையில் நிற்கும். ஃபேன்களுக்கு, பாஸிவ் ஹவுஸ் சான்று பெற்ற கருவிகளுக்கான வரம்பான கன மீட்டருக்கு 0.45 வாட்-மணி என்றே வைத்தாலும், 54 வாட்தான் செலவு. பிரமாதம். ஆனால் உங்கள் ஊரில் வித்தியாசம் வெறும் 5 டிகிரி என்றால் மீட்பது 170 வாட், ஃபேன் செலவு அதே 54. அந்த வீட்டில், வெளியே உள்ள வெப்பத்தை உள்ளே கொண்டுவரும் ஹீட் பம்ப் இருந்து, அது ஒரு பங்கு மின்சாரத்துக்கு மூன்று பங்கு வெப்பம் தருகிறது என்றால், 170 வாட் வெப்பத்துக்கு ஆகும் மின்சாரமே 57 வாட்தான், ஆக மிச்சம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. விற்பவர் காட்டுகிற சேமிப்புக் கணக்கு எந்த வெப்பநிலை வித்தியாசத்துக்கு, எந்த வகை ஹீட்டிங்குக்குப் போட்டது என்று கேளுங்கள், பெரும்பாலும் அங்கேயே பேச்சு நின்றுவிடும். மிதமான தட்பவெப்பத்தில் வருடத்தின் பெரும்பகுதி ஜன்னலைத் திறந்து வைக்க முடிகிறவர்களுக்கு நான் இதைப் பரிந்துரைக்கவே மாட்டேன்.

வெயிலும் புழுக்கமும் உள்ள இடத்தில் ஏசி போட்டு வாழ்கிறவர்களுக்கு விஷயம் வேறு. வெளியே 34, உள்ளே 26 என்றால் வித்தியாசம் 8 டிகிரிதான், உண்மையான சுமை காற்றில் உள்ள ஈரம். சாதாரண எச்.ஆர்.வி. தகடு ஈரத்தைக் கடத்தாது, வெளி ஈரம் அப்படியே உள்ளே வரும், அதை உலர்த்தும் வேலை முழுவதும் ஏசி தலையில் விழும். அங்கே ஈ.ஆர்.வி. என்ற வகையைத்தான் பார்க்க வேண்டும். அதன் சவ்வு உள்ளே வரும் காற்றின் ஈரத்தில் ஒரு பகுதியை வெளியேறும் காற்றுக்கு மாற்றிவிடும். கடுங்குளிரில் வீட்டுக் காற்று வறண்டு தொண்டை காய்கிறது என்பவர்களுக்கும் இதே வகை உதவும், அப்போது ஈரம் எதிர்த்திசையில் உள்ளேயே தங்கும்.

எனக்கு ஏன் பிடித்தது என்று கேட்டால், மின் கட்டணத்துக்காக இல்லை. இரண்டு பேர் கதவு ஜன்னலைச் சாத்திவிட்டுத் தூங்கும் அறையில் கார்பன் டை ஆக்ஸைடு காலைக்குள் 2000 பிபிஎம்மைச் சுலபமாகத் தாண்டிவிடும், வெளிக்காற்றில் இருப்பதோ 420 சொச்சம். இப்போது எங்கள் படுக்கையறையில் அது 1000ஐ ஒட்டியே நிற்கிறது, எழுந்திருக்கும்போது தலை பாரமாக இல்லை. ஜன்னலைத் திறக்காமலே இது நடக்கிறது, அதனால் தெருச் சத்தமும் குளிரும் வருவதில்லை. மகரந்த ஒவ்வாமை உள்ளவர்கள் உள்வரும் பக்கத்தில் நுண்ணிய தூசியையும் பிடிக்கும் எஃப்7 தர ஃபில்டர் போடுங்கள், வித்தியாசம் தெரியும். இதெல்லாம் எந்தச் சேமிப்புக் கணக்கிலும் வராது, ஆனால் என்னைப் பொறுத்தவரை இதற்குத்தான் காசு.

குறைகள் இல்லாமல் இல்லை. பொருத்திய புதிதில் படுக்கையறையில் விடாமல் ஒரு ரீங்காரம். பொருத்தியவர்கள் சைலன்சரை விட்டுவிட்டு, டக்ட் எனப்படும் வளையும் காற்றுக் குழாயைக் கண்டபடி மடித்து இழுத்திருந்தார்கள், அதைச் சமாளிக்க ஃபேன் வேகத்தைக் கூட்டி வைத்திருந்தார்கள். சைலன்சர் போட்டு டக்டை நேராக்கியதும் சத்தம் அடங்கியது. படுக்கையறையில் 25 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். தேவைக்குச் சற்றுப் பெரிய கருவியை மெதுவாக ஓட்டுவது, சின்னதை முழு வேகத்தில் விரட்டுவதைவிட எவ்வளவோ மேல்.

ஃபில்டரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும், ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் மாற்ற வேண்டும். பெட்டியைத் தவழ்ந்து போகிற பரணில் வைத்தால் யாரும் மாற்ற மாட்டார்கள், கை எட்டும் இடத்தில் வையுங்கள். கருவியின் விலையைக் கேட்கும்போதே ஃபில்டரின் விலையையும் கேளுங்கள், அந்தக் கம்பெனியின் ஃபில்டர் மட்டும்தான் பொருந்தும் என்றால் வருடா வருடம் அவர்கள் சொல்வதுதான் விலை. பெட்டிக்குள் சேரும் தண்ணீர் வடிய டிரெய்ன் குழாய் வேண்டும். வெளியே உறைநிலைக்குச் சில டிகிரி கீழே போனால் தகட்டில் பனி கட்டும், அப்போது கருவி என்ன செய்யும் என்பதைக் கேட்டுக்கொள்ளுங்கள்: சில முன்கூட்டியே காற்றைச் சூடாக்கும், சில உள்வரும் ஃபேனை நிறுத்திவிடும். வீட்டுக் காற்றிலேயே எரியும் விறகு அடுப்பு இருந்தால் இரண்டாவது வகை ஆபத்து, புகை அறைக்குள் இழுக்கப்படலாம். அடுப்புக்கு மேலே உள்ள ஹூடை இந்த டக்டோடு இணைக்கவே கூடாது, எண்ணெய்ப் பிசுக்கு எல்லாவற்றையும் பாழாக்கிவிடும். கோடை இரவுகளுக்கு பைபாஸ், அதாவது தகடுகளைச் சுற்றிக் காற்றை விடும் மாற்று வழி, இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் குளிர்ந்த வெளிக்காற்றை வீட்டுச் சூட்டால் சூடாக்கி உள்ளே அனுப்பும். ஜன்னலைத் திறக்கக் கூடாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், தாராளமாகத் திறக்கலாம்.

டக்ட் போட இடமே இல்லாத பழைய வீட்டில் ஒரு அறைக்கு மட்டும் சுவரில் பதிக்கும் கருவி உண்டு. செராமிக் உள்ளீடு வழியாக ஒரு நிமிடம் போலக் காற்றை வெளியே தள்ளும், பிறகு அதே வழியில் உள்ளே இழுக்கும், அதனால் ஜோடியாக வைப்பார்கள். ஒன்றிரண்டு ஈரமான அறைகளுக்கு இது போதும். ஆனால் ஃபேன் தலைமாட்டுச் சுவரிலேயே இருக்கும், பலமான காற்று அடிக்கும் பக்கத்தில் சரியாக ஓடாது.

எதை வாங்கினாலும், அறைகளில் உள்ள ஒவ்வொரு காற்றுத் திறப்பிலும் காற்று எவ்வளவு வருகிறது, போகிறது என்று கருவி வைத்து அளந்து, உள்வரும் மொத்தமும் வெளியேறும் மொத்தமும் சமமாக இருப்பதைத் தாளில் எழுதிக் கேளுங்கள். அறைக் கதவுக்கு அடியில் ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் இடைவெளி விட்டிருக்கிறார்களா என்பதையும் அன்றைக்கே குனிந்து பார்த்துவிடுங்கள், கதவைச் சாத்தினால் காற்று நகர அதுதான் வழி. கம்பெனியிலேயே செட் பண்ணித்தான் வருகிறது, அளக்கத் தேவையில்லை என்று சொல்கிறவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.