25 கெஜத்தில் மான், 150 கிரெய்ன் மேக்னம்: வாங்கலாமா?

விலை இறங்கியிருக்கிறதே, இரண்டு பெட்டி தோட்டா வாங்கிப் போடலாமா என்று நண்பர் கேட்டார். .300 வின்செஸ்டர் மேக்னம் என்ற அதிவேக ரைஃபிள் தோட்டா; குண்டின் எடை 150 கிரெய்ன், அதாவது பத்து கிராமுக்குச் சற்றுக் குறைவு; மெல்லிய செம்பு உறைக்குள் ஈயம் நிரப்பிய சாதாரண வகை. வேட்டை அமெரிக்கக் காட்டில், வெண்வால் மான்.

குறை சொல்ல முடியாத குறி. நூறு கெஜத்தில் மூன்று குண்டும் ஓர் அங்குலத்துக்குள் விழும். 250 கெஜத்தில், வெட்டவெளியில், நுரையீரலில் பட்டால் இதைவிட நல்ல குண்டு தேவையே இல்லை.

ஆனால் அடர்ந்த காட்டில் மான் நிற்பது 25 கெஜத்தில். குண்டு நொடிக்கு ஏறக்குறைய 3,250 அடி வேகத்தில் கிளம்புகிறது. அந்தத் தூரத்துக்குள் வேகம் பெரிதாகக் குறைவதில்லை. இதே எடைக் குண்டு, மேக்னத்தைவிடச் சிறிய .308 தோட்டாவில் 2,820 அடிதான். முன்சப்பை எலும்பில் மோதியதும் உறை உரிந்துவிடும், ஈயம் சிதறிவிடும். மேலே பெரிய காயம், உள்ளே போதிய ஆழம் இல்லை. அடிபட்ட மான் ஓடிப் புதரில் மறைவது இப்படித்தான். கிட்டத்தில் சக்தி அதிகம், அதனால் கவலையில்லை என்று நினைப்பது பெரிய தப்பு.

தோலுரித்தால் தெரியும். தசை அடுக்குகளுக்கு நடுவே நாவல்பழ நிறத்தில் ரத்தம் கட்டிக் கொழகொழவென்று நிற்கும். வெங்காயச் சருகு மாதிரி சுருண்ட உறைத் துண்டுகள், கடுகைவிடச் சின்ன ஈயத்துகள். ஒரு சப்பை முழுக்க வீண். கழுவிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள், கழுவினால் ஈயம் பரவும். காயத்தைச் சுற்றித் தாராளமாக வெட்டி எறியுங்கள். கண்ணுக்குத் தெரியாத துகள் இன்னும் தள்ளிப் போயிருக்கும்.

இது பழைய சிக்கல். 1946-இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் சேறு காய்ந்து ஒட்டிய மூஸ் (மிகப் பெரிய மான் வகை) ஒன்றின் உடம்பில் அமெரிக்க வேட்டைக்காரர் ஜான் நாஸ்லரின் மேக்னம் குண்டுகள் ஆழம் போகாமல் உடைந்தன. பார்ட்டிஷன் குண்டு அதில் பிறந்ததுதான். நடுவில் செம்புச் சுவர். முன்பாதி விரிந்து சிதறினாலும் பின்பாதி கட்டுக்குலையாமல் ஊடுருவும். முழுச் செம்புக் குண்டு எடையே இழக்காது என்று சொல்லலாம். விலைதான் கடிக்கும்.

கையில் ஏற்கெனவே இந்தப் பெட்டி இருந்தால், பக்கவாட்டில் நிற்கும் மானுக்கு மட்டும், சப்பைக்குப் பின்னால், விலாவுக்குள் சுடுங்கள். கோணலாகத் திரும்பி நின்றால் விட்டுவிடுங்கள். பத்து கெஜத்தில் குண்டு தொலைநோக்கியின் குறுக்குக்கோட்டுக்கு ஏறக்குறைய ஓர் அங்குலம் கீழே படும்; தொலைநோக்கி குழலுக்கு மேலே இருப்பதுதான் காரணம்.

குண்டு நல்ல குண்டு, மறுக்கவில்லை. ஆனாலும் காட்டு வேட்டைக்கு அரை விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம். அதே துப்பாக்கியில் 180 கிரெய்ன் பார்ட்டிஷன் போடுங்கள். எடை மாறினால் குண்டு படும் இடமும் மாறும். மூன்று தோட்டா செலவானாலும் குறியைச் சரிபார்த்த பிறகு உள்ளே போங்கள்.