பில்லில் 'வைஃபை செக்யூரிட்டி' என்று இருந்தால் பணம் கொடுக்காதீர்கள்

எங்கள் ஏரியாவில் ஃபைபர் இணைப்பு கொடுக்கும் ஒரு உள்ளூர் ஏஜென்சி, ரவுட்டர் விலை, இன்ஸ்டலேஷன் போக 'வைஃபை செக்யூரிட்டி – ரூ.1,200' என்று பில்லில் தனியாக ஒரு வரி சேர்த்தது. என்ன இது என்று கேட்டதற்கு, "உங்க நெட்வொர்க் பேரே வெளியில தெரியாது சார், ஒருத்தரும் உள்ள வர முடியாது" என்றார் வந்த பையன்.

செய்தது இரண்டே வேலை. நெட்வொர்க்கின் பெயரை, அதாவது எஸ்எஸ்ஐடியை, மறைத்தார். என் மொபைல் நம்பரையே பாஸ்வேர்டாகப் போட்டார். பெயரை மறைப்பது பாதுகாப்பே இல்லை. ஃபோன் கனெக்ட் ஆகும்போது அந்தப் பெயர் காற்றில் அப்படியேதான் போகும். இலவச மென்பொருள் வைத்திருப்பவர் பிடித்துவிடுவார்.

100 எம்பிபிஎஸ் பிளானில் வேகம் 20ஐத் தாண்டவில்லை. லேப்டாப்பில் 192.168.1.1 என்ற ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். அட்மின் பாஸ்வேர்டு இன்னும் 'அட்மின்' தான். செக்யூரிட்டி இருக்கும் இடத்தில் டபிள்யூபிஏ – டிகேஐபி என்ற பழைய வைஃபை பூட்டு முறை. 2001ல் அதற்கு முந்தைய வெப் (WEP) என்ற பூட்டு முறை உடைந்த பிறகு, பழைய கருவிகளையே வைத்துச் சமாளிக்க 2003ல் போட்ட ஒட்டு அது. இதை வைத்தால் இணைப்பு வேகம் 54 எம்பிபிஎஸ்ஸோடு நின்றுவிடும். கைக்கு வருவது அதில் பாதிகூட இருக்காது. காசு வாங்கிக்கொண்டு வேகத்தையும் குறைத்திருக்கிறார்கள்!

இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியலில் தெரியாத இரண்டு ஃபோன், ஒரு ஸ்மார்ட் டிவி. எங்கள் வீட்டில் இருப்பது பழைய டப்பா டிவி. ஏஜென்சிக்கு ஃபோன் போட்டால், கீழ்க்கடைக்கு இன்னும் லைன் இழுக்கவில்லையாம், அதனால் என் பாஸ்வேர்டைக் கொடுத்து வைத்தார்களாம். "கொஞ்ச நாள் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க சார்." அந்த லைனில் யார் என்ன வேண்டாத வேலை செய்தாலும் போலீஸ் முதலில் வருவது என் வீட்டுக்குத்தானே?

உங்கள் வீட்டிலும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். செக்யூரிட்டி என்ற இடத்தில் அதைவிடப் புதிய முறைகளான டபிள்யூபிஏ2 – ஏஇஎஸ் அல்லது டபிள்யூபிஏ3 இருக்க வேண்டும். நீளமான பாஸ்வேர்டு, ஃபோன் நம்பர் கூடாது. அட்மின் பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். அப்புறம், பாஸ்வேர்டு இல்லாமல் பின் நம்பரை வைத்தே இணைக்கும் டபிள்யூபிஎஸ் வசதியை அணைத்துவிடுங்கள்: அதன் எட்டு இலக்க பின்னை ரவுட்டர் இரண்டு துண்டாகச் சரிபார்ப்பதால், அதிகபட்சம் 11,000 முயற்சியில் கண்டுபிடிக்கலாம் என்பது 2011லேயே வெளியான விஷயம். இத்தனையும் பத்து நிமிட வேலை, செலவு கிடையாது.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "அது சர்வீஸ் சார்ஜ், ரிட்டர்ன் கிடையாது" என்கிறார்கள். பில்லையும் கருவிப் பட்டியலின் ஸ்கிரீன்ஷாட்டையும் வைத்து, 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறேன்.