டெனாலியா, சூவர்டா? குழந்தைகளோடு அலாஸ்கா போகிறவர்களுக்கு

அலாஸ்காவுக்குக் குடும்பத்தோடு போகத் திட்டமிடும் நண்பர்கள் என்னிடம் கொண்டுவரும் கேள்வி ஒன்றுதான். ஒரு வாரம் விடுமுறை இருக்கிறது. வடக்கே டெனாலிக்குப் போகலாமா, தெற்கே சூவர்டுக்குப் போகலாமா? நான் திருப்பிக் கேட்பதும் ஒன்றுதான்: வீட்டுக் கடைக்குட்டிக்கு என்ன வயது?

இரண்டுக்கும் புறப்படும் ஊர் ஆங்கரேஜ். டெனாலி தேசியப் பூங்காவின் வாசல் அங்கிருந்து வடக்கே சுமார் 240 மைல். காரில் நான்கரை மணி நேரமாவது ஆகும். சூவர்ட் என்ற துறைமுக ஊர் தெற்கே 127 மைல். இரண்டரை மணி நேரம். நேர் எதிர்த் திசைகள் என்பதால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக ஒரு முழு நாள் சாலையிலேயே கழிந்துவிடும். ஐந்து நாளில் இரண்டையும் பார்த்துவிடலாம் என்று நினைக்கிறவர்களைக் கெஞ்சியாவது தடுப்பேன். எங்களுக்குப் பத்து நாள் இருந்ததால் இரண்டையும் பார்க்க முடிந்தது. மகளுக்கு அப்போது பதினொரு வயது, மகனுக்கு ஐந்து. கூட என் அம்மா வந்திருந்தார். மூன்று தலைமுறையும் ஒரே இடத்தை மூன்று விதமாகப் பார்த்ததை அருகிலிருந்து கவனித்தேன். குழந்தைகளோடு போகும்போது மலை எவ்வளவு உயரம், பனியாறு எவ்வளவு அகலம் என்பதெல்லாம் பிறகுதான். விலங்குக்கும் குழந்தையின் கண்ணுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்பதை முதலில் கேட்க வேண்டும்.

டெனாலி 60 லட்சம் ஏக்கர் காடும் துந்திராவும் பனிமலையும் சேர்ந்த நிலம். அதற்குள் போக ஒரே ஒரு சாலை, 92 மைல் நீளம். கோடையில் சொந்தக் காரில் முதல் 15 மைல் வரைதான் விடுவார்கள். அதற்கு மேல் பஸ்தான். பழைய பயணக் குறிப்புகளைப் படித்துவிட்டு 85-ஆவது மைலில் இருக்கும் வொண்டர் ஏரியைப் பார்க்கும் ஆசையோடு கிளம்பிவிடாதீர்கள். பாதி வழியில், பிரிட்டி ராக்ஸ் என்ற இடத்தில், மண்ணுக்குள் இருக்கும் பனி உருகி மலைச்சரிவே சாலையோடு நகரத் தொடங்கியது. 2021 ஆகஸ்டில் 43-ஆவது மைலோடு சாலையை மூடினார்கள். அதன் மேல் பாலம் கட்டும் வேலை பல கோடைகளாக நடக்கிறது. நீங்கள் போகும் ஆண்டில் பஸ் எந்த மைல் வரை ஓடுகிறது என்பதைப் பூங்காவின் இணையதளத்தில் பார்த்துவிட்டே டிக்கெட் எடுங்கள்.

நாங்கள் போனபோது 43-ஆவது மைல் வரை போய்த் திரும்ப ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆனது. பஸ்ஸில் யாராவது விலங்கைக் கண்டால் “நிறுத்துங்கள்” என்று குரல் கொடுக்க வேண்டும். ஓட்டுநர் நிறுத்துவார். வண்டி முழுவதும் மூச்சடங்கிப்போகும். அம்மாவுக்கு இது மிகவும் பிடித்துப்போனது. திண்ணையில் உட்கார்ந்து தெருவைப் பார்க்கிறவரின் பொறுமையோடு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். மகள் பைனாகுலரில் டால் என்ற மலையாடுகளை எண்ணினாள்; எதிர்ச் சரிவில் வெள்ளைப் புள்ளிகளாகப் பதினொன்று. இந்த ஆடுகளை வேட்டையிலிருந்து காப்பாற்றத்தான் 1917-இல் இந்தப் பூங்காவே உருவானது என்று ஓட்டுநர் சொன்னதும் அவள் இன்னொரு முறை முதலிலிருந்து எண்ணினாள்.

மகனுக்கு ஒன்றும் தெரியவில்லை. “எங்கே? எங்கே?” என்று கேட்டுக்கொண்டே இருந்தான். கிரிஸ்லி கரடி ஒன்று ஆற்றுப் படுகையில் நடந்து போனபோது பஸ்ஸில் எல்லோரும் எழுந்து நின்றார்கள். அவனுக்குத் தெரிந்தது முன்னால் இருந்தவரின் முதுகு. தூக்கிக் காட்டினேன். பழுப்பு நிறத்தில் ஏதோ அசைந்தது, அவ்வளவுதான். பைனாகுலரைக் கண்ணில் பொருத்தி, அந்தப் புள்ளியைத் தேடிப் பிடிப்பதற்கு ஐந்து வயதுக் கைக்குப் பழக்கம் போதாது. தரையில் இறங்கி நடந்தாலும் கரடியிடமிருந்து 300 கஜம் தள்ளியே நிற்க வேண்டும் என்பது பூங்காவின் சட்டம். நியாயமான சட்டம். ஆனால் சின்னக் குழந்தைக்கு அது வெறும் காத்திருப்பாகிவிடுகிறது.

பெரிய மலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 20,310 அடி, வட அமெரிக்காவில் இதைவிட உயரம் இல்லை. 2015-இல் டெனாலி என்று அரசு ஏற்ற பெயரை 2025-இல் மறுபடியும் மெக்கின்லி என்று மாற்றிவிட்டார்கள். பூங்காவின் பெயர் மட்டும் டெனாலியாகவே நீடிக்கிறது. அங்கே யாரும் என்னிடம் டெனாலி தவிர வேறு பெயர் சொல்லவில்லை. அலாஸ்காவின் பூர்வகுடிகளான கோயுகோன் மக்களின் மொழியில் ‘உயர்ந்தது’ என்று பொருள்படும் அந்தச் சொல்லே அதற்குப் பொருத்தம் என்பது என் எண்ணம். கோடையில் வருகிறவர்களில் மூன்றில் ஒருவருக்குத்தான் மலை முகம் காட்டும் என்று வழக்கமாகச் சொல்கிறார்கள். எங்களுக்கு இரண்டு நாள் மேகம். மூன்றாம் நாள் காலையில் வெளிவந்தது. ஓர் இரவு மட்டும் தங்கிவிட்டுப் போயிருந்தால் பார்த்திருக்கவே மாட்டோம்.

பஸ்ஸில் இரண்டு வகை உண்டு. விளக்கம் சொல்லிக்கொண்டே போகும் சுற்றுலா பஸ் ஒன்று; பச்சை நிறப் போக்குவரத்து பஸ் இன்னொன்று. குடும்பங்களுக்கு நான் பச்சை பஸ்ஸைத்தான் சொல்வேன். பதினைந்து வயது வரை பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை. வேண்டிய இடத்தில் இறங்கிக் குழந்தையை ஓடவிட்டுவிட்டு, இடமிருக்கும் அடுத்த பஸ்ஸில் ஏறிக்கொள்ளலாம். சிறு குழந்தைக்குக் கார் இருக்கையை நீங்களே கொண்டுபோக வேண்டும். பஸ்ஸில் சாப்பாடு விற்பதில்லை. நாங்கள் புளியோதரை கட்டிக்கொண்டு போனோம். ஒரு பருக்கைகூடக் கீழே விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள், உணவுப் பையை எங்கும் வைத்துவிட்டு நகராதீர்கள். மனிதச் சாப்பாட்டின் ருசி கண்ட கரடிக்குக் கடைசியில் உயிர் போய்விடுகிறது.

இவ்வளவு சொன்ன பிறகும், டெனாலியில் என் மகன் பொங்கிப் பூரித்த இடம் ஒன்று உண்டு. அது பூங்கா வாசலுக்கு அருகிலேயே இருக்கும் நாய்க் கொட்டில். அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் பனிவண்டி இழுக்கும் நாய்களை வேலைக்கு வைத்திருப்பது டெனாலி மட்டுமே. 1920-களில் முதல் கண்காணிப்பாளர் ஹாரி கார்ஸ்டென்ஸ், வேட்டைக்காரர்களைப் பிடிக்கக் காட்டுக்குள் ரோந்து போவதற்காக நாய்களை வாங்கினார். இன்றும் குளிர்காலத்தில் எஞ்சின் வண்டிகள் நுழையக் கூடாத பகுதிகளுக்கு இந்த நாய்கள்தான் சாமான் இழுத்துப் போகின்றன. கோடையில் ரேஞ்சர்கள் நடத்தும் அரைமணி நேரச் செயல்விளக்கத்துக்குத் தனிக் கட்டணம் கிடையாது. வண்டியைப் பூட்டப்போகிறார்கள் என்று தெரிந்த நொடியில் முப்பது நாய்களும் “என்னைக் கூட்டிப்போ” என்று துள்ளிக் குரைத்தன. மகன் அவற்றோடு சேர்ந்து கத்தினான். முதலிலேயே வந்துவிட்டால் அருகில் போய்த் தடவிக்கொடுக்கவும் முடியும். மூன்று நாளும் அங்கே போனோம்.

சூவர்டுக்கு வருவோம். இங்கே எல்லாம் அருகில் வருகிறது. அதற்கு வயிறு விலை கொடுக்கிறது.

கினாய் ஃபியோர்ட்ஸ் தேசியப் பூங்காவுக்குள் சாலை போவது எக்ஸிட் பனியாறு வரைதான். மற்றதெல்லாம் படகில் பார்க்க வேண்டியவை. ரெசரக்‌ஷன் விரிகுடாவுக்குள்ளேயே சுற்றித் திரும்பும் அரைநாள் படகும், முனையைச் சுற்றித் திறந்த கடலில் போய் அயாலிக் விரிகுடாவின் பனியாறுகள் வரை தொட்டுவரும் ஆறு முதல் எட்டரை மணி நேரப் படகும் உண்டு. நாங்கள் நீண்டதை எடுத்தோம். துறைமுகத்தை விட்டு நகர்வதற்குள்ளேயே கடல் நீர்நாய் ஒன்று மல்லாந்து படுத்து, வயிற்றில் சிப்பியை வைத்துத் தின்றுகொண்டிருந்தது. மகனுக்குப் பைனாகுலர் தேவைப்படவில்லை. அடர்ந்த ரோமத்துக்காக வேட்டையாடி ஏறக்குறைய அழித்தேவிட்ட இனம் அது. 1911-இல் வந்த சர்வதேச ஒப்பந்தத்துக்குப் பிறகே தலையெடுத்தது. பிறகு பாறையெங்கும் கடற்சிங்கங்கள், ஆரஞ்சு அலகோடு பஃபின் பறவைகள், தூரத்தில் கூன்முதுகுத் திமிங்கிலத்தின் வால். எல்லாவற்றையும் அவன் எங்களுக்கு முன்னால் கண்டுபிடித்துச் சொன்னான்.

முனையைத் தாண்டியதும் அலை வந்தது. அடுத்த ஒன்றரை மணி நேரம் அவன் என் மடியில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான். அம்மா இடுப்பில் முடிந்து வைத்திருந்த இஞ்சி மொரப்பா அவரைக் காப்பாற்றியது, பேரனைக் காப்பாற்றவில்லை. டாக்டரிடம் கேட்டு வாங்கிய மாத்திரை கைப்பையிலேயே இருந்தது. அலை தொடங்கிய பிறகு கொடுத்தேன். அது என் தவறு. படகு ஏறுவதற்கு முன்பே கொடுத்திருக்க வேண்டும். டெனாலியின் பச்சை பஸ்ஸிலிருந்து இறங்கிவிடலாம், படகிலிருந்து இறங்க முடியாது. இந்த ஒரு வேறுபாட்டை எந்த விளம்பரத் தாளும் சொல்வதில்லை. ஏழு வயதுக்குக் கீழே குழந்தை இருந்தால் அரைநாள் படகே போதும் என்று இப்போது உறுதியாகச் சொல்வேன். பனியாற்றை அதில் நெருங்க முடியாது; ஆனால் நீர்நாயும் கடற்சிங்கமும் விரிகுடாவுக்குள்ளேயே இருக்கின்றன.

அந்த நெடும்பயணத்தின் முடிவில் இருப்பதை மறைக்கவும் மனம் வரவில்லை. அயாலிக் பனியாற்றின் முன்னால் எஞ்சினை நிறுத்தினார்கள். நீலச் சுவரிலிருந்து ஒரு துண்டு சத்தமே இல்லாமல் சரிந்தது. அதன் பிறகுதான் இடி இடித்தது. வாடிக் கிடந்த மகன் நிமிர்ந்து உட்கார்ந்தான். அடுத்த துண்டு விழுந்தபோது, சத்தம் வந்து சேரும் வரை அக்காவும் தம்பியும் சேர்ந்து எண்ணினார்கள்.

மறுநாள் எக்ஸிட் பனியாறு. நுழைவுக் கட்டணம் இல்லை. ஒரு மைல் சுற்றுப்பாதை அம்மாவின் முழங்காலுக்கும் எளிதாக இருந்தது. பனி முன்பு எதுவரை இருந்தது என்று காட்ட வழியெங்கும் ஆண்டு எழுதிய பலகைகளை நட்டிருக்கிறார்கள். 1951 என்ற பலகையருகே அம்மா நின்றுவிட்டார். அது அவர் பிறந்த ஆண்டு. அங்கே நின்று பார்த்தால் இப்போது மரங்கள்தான். 2010 பலகையிலிருந்தும் பனி வெகு தூரம் போய்விட்டது. டெனாலியில் உடைந்த சாலையையும் இந்தப் பலகைகளையும் மகள் தானாகவே இணைத்துப் பேசினாள். புவி வெப்பமாவதைப் பிள்ளைகளுக்கு விளக்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

மழை பெய்தால் சூவர்டில் போக்கிடம் உண்டு, டெனாலியில் அதிகம் இல்லை. 1989-இல் எக்ஸான் வால்டீஸ் கப்பலிலிருந்து எண்ணெய் கொட்டியதற்குக் கிடைத்த இழப்பீட்டுத் தொகையின் உதவியோடு எழுந்த அலாஸ்கா சீலைஃப் மையம் 1998 முதல் அங்கே இயங்குகிறது. கடல் நட்சத்திரங்களைக் குழந்தைகள் தொட்டுப் பார்க்கும் தொட்டி இருக்கிறது. பஃபின்கள் தண்ணீருக்கடியில் நீந்துவதைக் கண்ணாடி வழியாகப் பார்க்கலாம். ஊரெங்கும் சுனாமி வந்தால் ஓட வேண்டிய வழியைக் காட்டும் பலகைகள். 1964 மார்ச் 27-இல் 9.2 அளவு நிலநடுக்கமும் அதைத் தொடர்ந்த அலையும் தீயும் இந்தத் துறைமுகத்தைத் துடைத்துவிட்டிருந்தன. அம்மா கடலூர்க்காரர். 2004-ஐப் பார்த்தவர். அந்தப் பலகை ஒன்றை நின்று பார்த்துவிட்டு, மேட்டுக்குப் போகும் தெருவை என் பிள்ளைகளுக்கு விரல் நீட்டிக் காட்டினார்.

சாலையைப் பொறுத்தவரை போட்டியே இல்லை. சூவர்ட் நெடுஞ்சாலை டர்னகெய்ன் கடற்கழியை ஒட்டிப் போகிறது. பெலுகா முனையில் நிறுத்தினால் வெள்ளைத் திமிங்கிலம் தென்படும் வாய்ப்பு உண்டு. கழியின் சேற்றுப் பரப்பில் மட்டும் குழந்தைகளை இறங்கவே விடாதீர்கள். பார்க்க ஈரமணல்போலத்தான் இருக்கும். கால் புதைந்தால் எடுக்க முடியாது, ஓதம் வேகமாக ஏறும். போர்ட்டேஜ் அருகே விலங்குப் பாதுகாப்பு மையம் ஒன்று இருக்கிறது. கரடியும் மூஸ் என்ற பெரிய மானும் வேலிக்கு அப்பால் சில கஜ தூரத்தில். டெனாலி பஸ்ஸில் மகனுக்குக் கிடைக்காதது இங்கே கிடைத்தது. ரயில் ஆசை இருந்தாலும் சூவர்ட் ரயில்தான்: நான்கு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். டெனாலிக்கு ஏறக்குறைய எட்டு மணி நேரம் ஆவதால் சிறியவர்கள் துவண்டுவிடுவார்கள்.

கரடிகள் சால்மன் பிடிக்கும் புரூக்ஸ் அருவி? அங்கே சாலை இல்லை, விமானத்தில்தான் போக வேண்டும். செலவும் மிக அதிகம். சின்னக் குழந்தைகளோடு வேண்டாம்.

செலவில் டெனாலிக்குத்தான் சாதகம். சூவர்டில் படகு டிக்கெட்தான் எங்கள் பயணத்தின் மிகப் பெரிய ஒற்றைச் செலவு. கொசு டெனாலியில் அதிகம், மழை சூவர்டில் அதிகம். ஜூனில் இரண்டு இடத்திலும் இரவு வருவதே இல்லை என்னும்படி வெளிச்சம் நிற்கும். பிள்ளைகளுக்குக் கண்மூடி வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைக்குட்டிக்கு ஏழு வயது நிரம்பாவிட்டால் சூவர்டுக்குப் போங்கள். மூன்று இரவு, அரைநாள் படகு. பிள்ளைகள் எல்லோரும் ஒன்பது, பத்தைத் தாண்டியிருந்தால் டெனாலி; அதுவும் மூன்று இரவு. தாத்தா பாட்டி கூட வருவதை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டியதில்லை. அம்மாவிடம் எது பிடித்தது என்று கேட்டால் இன்றைக்கும் பஸ் என்பார், அடுத்த மூச்சிலேயே அந்த நீலப் பனி என்பார்.

மகனுக்கு இப்போது எட்டு வயது. நாய்களின் பெயர்களை இன்னும் ஒப்பிக்கிறான். பத்து ஆனதும் மறுபடி டெனாலிக்குப் போவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். அவனுக்கென்று ஒரு சின்ன பைனாகுலர் இப்போதே வாங்கிக் கொடுத்துவிட்டேன். மொட்டை மாடியில் காக்கைகளை அதில் தேடிப் பார்த்துப் பழகுகிறான்.