லேப்டாப்பா, வீடியோ பாரா, மேஜை ஸ்பீக்கர்ஃபோனா?

ராணிப்பேட்டையில் எங்களுடையது சின்ன தோல் ஏற்றுமதி அலுவலகம். வாரத்துக்கு இரண்டு தடவையாவது இத்தாலிக்காரர்களோடு வீடியோ மீட்டிங் இருக்கும். அவர்கள் காலை பத்தரைக்கு உட்கார்ந்தால் கோடையில் நமக்கு மதியம் இரண்டு மணி. அக்டோபர் கடைசியில் அவர்கள் கடிகாரத்தை மாற்றியதும் மூன்று மணி. மேஜையைச் சுற்றி ஆறு பேர். போன வருஷம் வரை மேஜையின் ஒரு முனையில் ஒரு லேப்டாப், அவ்வளவுதான். இப்போது டிவி, ஒரு சாதாரண வெப்கேம், மேஜை நடுவில், மைக்கும் ஸ்பீக்கரும் சேர்ந்த யுஎஸ்பி ஸ்பீக்கர்ஃபோன். இதற்கு வருவதற்குள், கேமராவும் சேர்ந்தே ஒரே பட்டையாக வரும் வீடியோ பாரையும் விசாரித்துப் பார்த்தோம்.

எந்த ஆப் என்பதில் அதிகம் யோசிக்க வேண்டாம். ஜூம் இலவசக் கணக்கில் 40 நிமிடம். கூகுள் மீட்டில் மூன்று பேர் சேர்ந்துவிட்டால் 60 நிமிடம். எப்படியும் வாங்குகிறவர் அனுப்பும் லிங்கைத்தான் திறக்கப்போகிறோம்.

படத்துக்காகவும் பெரிய செலவு செய்ய மாட்டேன். எவ்வளவு நல்ல கேமராவானாலும் தோலின் டான் (இளம்பழுப்பு) நிறத்தை ஒரு நாள் சிவப்பாகவும் மறுநாள் மஞ்சளாகவும் காட்டும். கடைசியில் கலரை முடிவு செய்வது கூரியரில் போகும் ஸ்வாட்ச், அதாவது மாதிரித் துண்டுதான்.

குரல் அப்படியில்லை. மே மாதம், ஃபேன் முழு வேகத்தில். எங்கள் க்யூசி (தரம் பார்க்கும்) பாய் மேஜையின் கோடியிலிருந்து, மாதிரிக்கு ‘ஃபோர்டீன் ஸ்கின்ஸ்’ அனுப்புகிறோம் என்றார். அந்தப் பக்கம் ‘ஃபார்ட்டி’ என்று எழுதிக்கொண்டு, நாற்பது தோலுக்குக் கட்டிங் திட்டம் போட்டுவிட்டார்கள். பார்சலைப் பிரித்தால் பதினாலு. ஒரு வாரம் மெயிலிலேயே போனது. கணக்கு பார்க்கும் பையன்தான் காரணத்தைப் பிடித்தான்: “அண்ணா, பாய் பேசும்போதெல்லாம் அவங்க ‘சாரி, சாரி’ன்றாங்க. நீங்க பேசினா ஒரு தடவைலயே புரிஞ்சுக்கறாங்க.” நான் லேப்டாப்புக்கு நேர் எதிரே உட்காருவேன். பாய் எட்டடி தள்ளி.

தூரம் இரட்டிப்பானால் மைக்குக்கு நேராக வரும் குரல் 6 டெசிபல் குறைகிறது. ஃபேன் இரைச்சல் அப்படியே இருக்கிறது. வெறும் சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலியும் குறைவதில்லை. குரல் சன்னமாகிவிட்டதென்று லேப்டாப் தானாகவே மைக்கைக் கூட்டும்; கூடவே ஃபேனும் கூடும். பிறகு ஆப் வந்து இரைச்சலை வெட்டும். அந்த வெட்டில் சொல்லின் வாலில் வரும் மெல்லிய ‘ன்’ போய்விடும். ஃபோர்டீன், ஃபார்ட்டி ஆவது இப்படித்தான்.

ஆகவே எதை வாங்கினாலும், கடைசி ஆளின் வாய்க்கும் மைக்குக்கும் எத்தனை அடி என்று முதலில் டேப் வைத்து அளந்து பாருங்கள். மேஜை நடுவில் வைத்த ஸ்பீக்கர்ஃபோனுக்கு எங்களில் யாரும் நாலடிக்கு மேல் தள்ளி இல்லை. ஒன்பதாயிரம் சொச்சம் ஆனது. ஸ்பீக்கரும் மைக்கும் ஒரே பெட்டியில் இருப்பதால், தான் ஒலிபரப்புவது என்ன என்று அதற்குத் தெரியும். மைக்கில் திரும்பி வரும் அதே ஒலியைக் கழித்துவிடும். எதிர்முனையில் அவர்கள் குரல் அவர்களுக்கே கேட்கும் தொல்லை இல்லை. ஆனால் அறையில் இன்னொரு லேப்டாப் அதே மீட்டிங்கில் இருந்தால் அதன் மைக், ஸ்பீக்கர் இரண்டையும் அணைத்தே ஆக வேண்டும். இல்லையென்றால் ஊளைதான்.

இதிலும் ஒரு குறை உண்டு. டீ கிளாஸ் வைக்கும் சத்தம், பேனா தட்டுவது எல்லாம் இடி மாதிரி போகும். ஒரு துண்டு லைனிங் தோலை அடியில் மடித்து வைத்த பிறகு பெரும்பாலும் அடங்கிவிட்டது.

வீடியோ பாரில் கேமரா, மைக், ஸ்பீக்கர் மூன்றும் டிவிக்குக் கீழே ஒரே பட்டையில் இருக்கும். பார்க்க லட்சணம், ஒயர் குறைவு. எங்களுக்கு லட்சத்தை ஒட்டி விலை சொன்னார்கள். ஆம்பூரில் நண்பர் அலுவலகத்தில் ஒரே ஒரு மீட்டிங்கில் அதைப் பயன்படுத்தினேன்: ஏசி அறை, தரையில் கம்பளம், நாலு பேர். குரல் துல்லியமாகப் போனது. ஃபேன் ஓடும் அறையில் வைத்துப் பார்த்ததில்லை. மைக் டிவிப் பக்கம் இருப்பதால் எங்கள் பாய்க்கு அது பன்னிரண்டடி தூரம் என்பதே என்னைத் தயங்க வைத்தது. மேஜையில் வைக்கக் கூடுதல் மைக் தரும் மாடல்கள் உண்டு, அதற்குத் தனி விலை. பத்துப் பேருக்கு மேல் உட்காரும் அறையென்றால் என் அனுபவத்தை நம்பி வாங்காதீர்கள்.

தனியாக உட்கார்ந்து பேசுகிறவருக்கு இது எதுவும் தேவையில்லை, லேப்டாப்பே போதும். கூட ஒயர் ஹெட்செட் ஒன்று. ப்ளூடூத் ஹெட்செட்டில் மைக்கைத் திறந்ததும் பல சமயம் ஒலித்தரம் இறங்கிவிடுகிறது.

லைன் இழுத்தால் எங்கள் பக்க வீடியோவை அணைத்துவிடுகிறோம். ஜூமில் இரண்டே முனை பேசும்போது 720பி (எச்டி) படத்துக்கு 1.2 எம்பிபிஎஸ், அதாவது 1,200 கேபிபிஎஸ் வேகம் வேண்டும். குரலுக்கு 80 கேபிபிஎஸ் இருந்தால் போதும். மோடத்துக்கு ஒரு சின்ன யுபிஎஸ் போட்டிருக்கிறோம். ஸ்பீக்கர்ஃபோனுக்கு மின்சாரம் லேப்டாப்பிலிருந்தே போகிறது. மதியம் கரண்ட் போனால் டிவி அணைந்துவிடும். பாய் பேச்சை நிறுத்துவதில்லை. எண் வந்தால் மட்டும் ‘ஒன், ஃபோர்’ என்று பிரித்துச் சொல்லிவிட்டு, சாட்டிலும் போடச் சொல்கிறார்.