ஏழு வருடமாக பாஸ்போ-ஏகேடி ஆன்டிபாடியோடு

என் ஃப்ரீசர் பெட்டியில் இப்போது இருப்பது ஒன்பதாவது குப்பி. செல்லுக்குள் வளர்ச்சிச் செய்தியைக் கடத்தும் ஏகேடி என்ற புரதத்தின் 473-ஆம் இடத்திலுள்ள செரீன் என்ற அமினோ அமிலத்தில் பாஸ்பேட் ஏறியிருந்தால் மட்டும் ஒட்டும் முயல் மோனோகுளோனல் (எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும் ஒரே வகை ஆன்டிபாடி) அது. டி9இ என்ற குளோன். இன்சுலின் போன்ற வளர்ச்சிச் செய்தி செல்லுக்குள் போனதா, ஏகேடி வேலையில் இறங்கியதா என்று தெரிந்துகொள்ள வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதங்களை அளவுவாரியாகப் பிரித்து ஆன்டிபாடியால் கோடாகக் காட்டும் சோதனை) முதலில் தேடுவது இதைத்தான்.

இதற்கு முன்பு ஒன்றரை வருடம் வேறொரு பாலிகுளோனல் வைத்திருந்தேன். முதல் குப்பி அருமை. இரண்டாவது வேறு லாட், அதாவது வேறு தயாரிப்புத் தொகுதி. அதில் ஏகேடி வரும் 60 கிலோடால்டன் கோட்டுக்குக் கீழே இன்னொரு கோடும் வந்தது. வேறு விலங்கின் ரத்தத்திலிருந்து எடுத்த ஆன்டிபாடிக் கலவை என்றால் அப்படி மாறத்தான் செய்யும். ஆறு மாத வேலையைப் பழைய படங்களோடு ஒப்பிட முடியாமல் போனது இன்னும் வலிக்கிறது. மோனோகுளோனலுக்கு மாறியது அதனால்தான். இத்தனை குப்பிகளில் லாட்டுக்கு லாட் பெரிய வித்தியாசம் பார்க்கவில்லை.

ஆனால் மாறிய புதிதில் இதிலும் சிக்கல். ஒரு நாள் கோடு அடர்த்தியாக வரும், அடுத்த வாரம் அதே செல், அதே இன்சுலின், ஒன்றுமே இருக்காது. ஆன்டிபாடி கெட்டுவிட்டது என்றே நினைத்தேன். கோளாறு இருந்தது லைசேட்டில், அதாவது செல்லை உடைத்தெடுத்த கரைசலில். செல்லை உடைத்ததுமே உள்ளேயிருக்கும் பாஸ்படேஸ் என்சைம்கள் பாஸ்பேட்டைக் கழற்ற ஆரம்பித்துவிடும். என் பஃபரில் சோடியம் ஆர்த்தோவனடேட் மட்டும்தான் போட்டிருந்தேன். அது முக்கியமாக டைரோசின் பாஸ்படேஸ்களைத் தடுப்பது. நான் தேடியதோ செரீனில் இருக்கும் பாஸ்பேட்! சோடியம் ஃபுளோரைடும் பீட்டா-கிளிசரோபாஸ்பேட்டும் சேர்த்து, தட்டை ஐஸிலிருந்து எடுக்காமல் வேலை செய்யத் தொடங்கிய பிறகு அந்த ஏற்ற இறக்கம் நின்றது. இப்போது அவசரமான சோதனை என்றால் அதுவும் இல்லை. மீடியத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுச் சூடான எஸ்டிஎஸ் (புரதங்களைக் குலைக்கும் சோப்பு போன்ற பொருள்) சாம்பிள் பஃபரை நேராகத் தட்டிலேயே ஊற்றிவிடுகிறேன். பாஸ்படேஸ் வேலை செய்ய நேரமே கிடைக்காது. ஆனால் அந்த லைசேட்டில் சாதாரண முறையில் புரத அளவு பார்க்க முடியாது என்பதால், செல்களைச் சமமாக விதைத்திருக்க வேண்டும்.

பாஸ்போ ஆன்டிபாடி வேலை செய்யவில்லை என்று ஜூனியர்கள் வந்தால் நான் முதலில் கேட்பது பஃபரில் என்ன போட்டாய் என்றுதான்.

மற்ற விவரங்கள்: 2000-க்கு 1 என்ற அளவில், 5 சதவீத பிஎஸ்ஏ (மாட்டு ரத்த அல்புமின்) கலந்த டிபிஎஸ்டி பஃபரில், 4 டிகிரியில் இரவு முழுக்க. பால் பவுடர் கரைசலில் கரைப்பதில்லை. பாலின் கேசீனே பாஸ்பேட் ஏறிய புரதம். கரைத்த ஆன்டிபாடியை மூன்று முறை வரை திரும்பப் பயன்படுத்தியிருக்கிறேன், நான்காவதில் கோடு மெலிகிறது. அதில் கெடாமல் இருக்க சோடியம் அசைடு போடுபவர்கள் மெம்பிரேனை நன்றாகக் கழுவுங்கள். கோட்டை ஒளிரச் செய்யும் எச்ஆர்பி என்சைம் ஒட்டிய இரண்டாவது ஆன்டிபாடியில் அசைடு போடவே கூடாது, அந்த என்சைமையே அது முடக்கிவிடும். குப்பியைச் சிறு குப்பிகளாகப் பிரிக்கவும் வேண்டாம். கிளிசரால் இருப்பதால் மைனஸ் 20-இல் உறையாது.

ஒரு வரம்பு உண்டு. ஏகேடியின் உடன்பிறப்புப் புரதங்களான ஏகேடி2, ஏகேடி3 இரண்டிலும் அதே பகுதி கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருப்பதால், அங்கே பாஸ்பேட் ஏறினாலும் இது ஒட்டும். எந்த ஏகேடி என்று பிரித்துச் சொல்ல வேண்டிய ஆய்வுக்கு இது மட்டும் போதாது. திசு வெட்டுகளில் எனக்கு இன்னும் முழு நம்பிக்கை வரவில்லை. அறுவைக்குப் பிறகு திசு ஃபார்மலினுக்குப் போக எவ்வளவு நேரம் ஆனதோ, அதற்குள் பாஸ்பேட் போயிருக்கலாம். கறை விழவில்லை என்பதை வைத்து ஏகேடி தூங்குகிறது என்று எழுத மனம் வரவில்லை.

விளம்பரப் படத்தைப் பார்த்து எந்த ஆன்டிபாடியையும் நம்பாதீர்கள், இதையும் சேர்த்துத்தான். கோடு வருவதைப் போலவே, வரக்கூடாத இடத்தில் மறைவதையும் உங்கள் கையால் பார்த்துவிடுங்கள். நான் ஒவ்வொரு புது லாட்டுக்கும் நான்கு கட்டம் ஓட்டுகிறேன்: இரவு முழுக்க சீரம் இல்லாமல் வைத்த எம்சிஎஃப்-7 என்ற மார்பகப் புற்று செல், அதே செல்லுக்கு 100 நானோமோலார் இன்சுலின் 15 நிமிடம், அதே இன்சுலினுக்கு முன்பு, ஏகேடியைத் தூண்டிவிடும் பிஐ3 கைனேஸைத் தடுக்கும் வோர்ட்மானின், அப்புறம் எல்என்கேப் செல். கடைசியில் சொன்ன புராஸ்டேட் புற்று செல்லில் ஏகேடியை அடக்கிவைக்கும் பீடென் புரதம் இல்லை என்பதால் யாரும் தூண்டாமலேயே ஏகேடி விழித்திருக்கும். பக்கத்திலேயே, பாஸ்பேட் ஏறியதும் ஏறாததும் சேர்ந்த மொத்த ஏகேடி பார்க்க இன்னொரு ஜெல். அது இல்லாத பாஸ்போ படத்தை நான் யாருக்கும் காட்டுவதில்லை. பாஸ்பேட் குறைந்ததா, புரதமே குறைந்ததா என்று எப்படித் தெரியும்?

ஒன்பதாவது குப்பிக்குப் போன வாரம்தான் ஓட்டினேன். இன்சுலின் கட்டத்திலும் எல்என்கேப்பிலும் 60-இல் ஒரே கோடு, வோர்ட்மானின் கட்டம் வெறுமை. லாட் எண்ணை நோட்டில் எழுதி, படத்தைப் பக்கத்திலேயே ஒட்டிவைத்துவிட்டேன்.