எண் பாதையா, பத்துக் கட்டமா?

நான்கைந்து வயதுக் குழந்தைக்கு வீட்டிலேயே கணக்கு விளையாட்டு செய்து தர எளிய வழிகள் இரண்டு. ஒன்று, 1 முதல் 10 வரை கட்டங்கள் நேர்வரிசையில் அமைந்த எண் பாதை. மற்றொன்று, வரிசைக்கு ஐந்தாக இரு வரிசை கொண்ட பத்துக் கட்டம். இவற்றை வரைய ஒரு அட்டையும் ஸ்கெட்ச் பேனாவும் போதும்.

எண் பாதைக்கு ஆய்வின் பலமும் இருக்கிறது. கீதா ராமானியும் ராபர்ட் சீக்லரும் 2008இல் வெளியிட்ட ஆய்வில், இத்தகைய பாதையில் மொத்தம் ஏறத்தாழ ஒரு மணி நேரமே ஆடிய மழலையர், எண்களை ஒப்பிடுவதிலும் அவற்றின் இடத்தைக் கணிப்பதிலும் முன்னேறினார்கள். ஆனால் ஆடும் விதம் முக்கியம். காய் 4இல் நிற்கும்போது பகடையில் 2 விழுந்தால், குழந்தை "ஒன்று, இரண்டு" என்றுதான் தாவும். "ஐந்து, ஆறு" என்று சொல்லவைக்க வேண்டும். இல்லையேல் அது வெறும் காய் நகர்த்தல். பகடையில் 1, 2 மட்டும் வரும்படி காகிதம் ஒட்டிவிடுங்கள். 6 விழுந்தால் ஆட்டம் இரண்டே வீச்சில் முடிந்துவிடும்!

பத்துக் கட்டத்தில் போட்டி கிடையாது, சீக்கிரம் சலிக்கும். ஆனால் கட்டத்துக்கு ஒன்றாக ஏழு பாட்டில் மூடிகளை வைத்ததும் மேலே ஐந்தும் கீழே இரண்டும் தனித்தனியே தெரியும். காலியான மூன்றும் கண்ணில் படும். கூட்டலுக்கு இதைவிட நல்ல அடித்தளத்தை நான் பார்த்ததில்லை.

எண் வரிசை இன்னும் பிடிபடாத குழந்தைக்குப் பாதையையே கொடுப்பேன். தடுமாறாமல் எண்ணும் குழந்தைக்குப் பத்துக் கட்டம். வீட்டில் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையும் இருந்தால் சிறு பொத்தான்கள் வேண்டாம், வாய்க்குள் போய்விடும். பெரிய மூடிகளையே காயாக வையுங்கள்.