'300 மேக்னம் எல்லாம் ஒண்ணுதான்' என்று சொல்லி விற்கிறார், ஜாக்கிரதை

ராயபுரம், தண்டையார்பேட்டை, எண்ணூர் பக்கத்திலிருந்து ஆப்பிரிக்கத் துறைமுகங்களுக்கு வேலைக்குப் போனவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், இதைப் படித்துவிட்டு அவர்களுக்கு அனுப்பிவிடுங்கள். வெளிநாட்டில் லைசென்ஸோடு துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்குத் தோட்டா கட்டும் சாமான் வரவழைத்துத் தருகிறேன் என்று பாரிமுனைப் பக்கம் ஒரு மாடி அறையில் ஒருவர் பணம் வாங்கிக்கொண்டிருக்கிறார். எங்கள் வீட்டில் போனது முப்பத்தெட்டாயிரம். அதுகூடப் பரவாயில்லை. அவர் அனுப்பிய சாமானை அப்படியே பயன்படுத்தியிருந்தால் என் தங்கச்சி வீட்டுக்காரருக்குக் கண்ணே போயிருக்கும்.

மச்சான் நமீபியாவில், வால்விஸ் பே துறைமுகத்தில் கிரேன் மெக்கானிக். அங்கே பண்ணைகளில் குடூ, ஓரிக்ஸ் மாதிரியான மான்களை அனுமதி வாங்கிச் சுடுவது சட்டப்படியான விஷயம். இங்கே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பொழுதுபோக்கு வேட்டைக்கு இடமே கிடையாது, அதனால் யாரும் என்னிடம் சண்டைக்கு வர வேண்டாம். அவர் இருக்கும் ஊரின் சட்டம் வேறு. அந்த ஊரிலும் கண்டபடி சுட முடியாது. குடூ, ஓரிக்ஸ் சுட வேண்டுமென்றால் தோட்டாவுக்குக் குறைந்தது 2,700 ஜூல் ஆற்றல் இருக்க வேண்டும் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள்.

அவரிடம் இருப்பது 300 வின்செஸ்டர் மேக்னம் என்ற தோட்டாவைச் சுடும் ரைஃபிள். கடைத் தோட்டா விலை கட்டுப்படியாகவில்லை என்று, கூட வேலை செய்யும் ஒரு பெரியவரிடம் கற்றுக்கொண்டு, சுட்ட கூட்டையே (மருந்தும் குண்டும் அடங்கும் பித்தளை உறை) திரும்பப் பயன்படுத்தி வீட்டில் தோட்டா கட்ட ஆரம்பித்தார். புதுப் பித்தளைக் கூடு இருநூறும் ஒரு டை செட்டும் (கூட்டை அழுத்திச் சரியான அளவுக்குக் கொண்டுவரும் அச்சுகள்) வேண்டும். லீவில் ஊருக்கு வந்திருந்தபோது யாரோ சொல்லி இந்த ஆளிடம் போனோம். சாமான் எதுவும் இந்தியாவுக்குள் வராது, ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து நேராக உங்கள் விலாசத்துக்குப் போய்விடும், பணத்தை மட்டும் இங்கே கொடுங்கள் என்றார். பில் கேட்டதற்கு, "நம்மளுக்குள்ள எதுக்குண்ணா பில்லு?" என்றார். ஜிபே எண் வேறொருவர் பெயரில் இருந்தது.

அந்த அறையில் அவர் பேசிய பேச்சை அப்படியே எழுத வேண்டும். ஏனென்றால் பாதி உண்மை. இந்த மேக்னம் தோட்டாக்கள் எல்லாம் ஒரே குடும்பம் என்றார். சரிதான். 1912-இல் இங்கிலாந்தில் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் கம்பெனி கொண்டுவந்த 375 மேக்னத்தின் கூட்டில் அடிப்பக்கம் ஒரு பெல்ட் உண்டு, தடிப்பான ஒரு வளையம். அதே கம்பெனி 1925-இல் கொண்டுவந்த 300 ஹெச் அண்ட் ஹெச், ராய் வெதர்பி 1944-இல் செய்த 300 வெதர்பி, 1962-இல் வந்த 7 மி.மீ. ரெமிங்டன் மேக்னம், 1963-இல் வந்த 300 வின்செஸ்டர் மேக்னம், எல்லாவற்றிலும் அந்த பெல்ட்டின் விட்டம் 13.5 மி.மீ. தான். அடியைப் பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். "அதான்ணா, 300 மேக்னம் எல்லாம் ஒண்ணுதான், கூடு எதுவா இருந்தா என்ன?" என்று அங்கிருந்து ஒரே தாவாகத் தாவிவிட்டார்.

ஒன்று இல்லை. நீளத்தைப் பாருங்கள். 300 வின்செஸ்டர் கூடு 66.5 மி.மீ. 7 மி.மீ. ரெமிங்டன் 63.5. 300 வெதர்பி ஏறக்குறைய 72, 300 ஹெச் அண்ட் ஹெச் அதற்கும் கொஞ்சம் மேல். கூட்டின் வாயிலிருந்து பறந்து போகும் குண்டின் விட்டமும் மாறும். 300 என்று பெயர் உள்ளவற்றுக்கு 7.82 மி.மீ., ரெமிங்டனுக்கு 7.21. முக்கியமானது தோள், அதாவது கூடு அகலத்திலிருந்து கழுத்துக்குக் குறுகும் இடம். வின்செஸ்டரில் அது ரெமிங்டனைவிட நான்கு மில்லிமீட்டர் முன்னால் இருக்கிறது. வியாசர்பாடியில் லேத்துப் பட்டறை வைத்திருக்கிற எனக்கு நான்கு மில்லிமீட்டர் என்றால் ஒரு கிலோமீட்டர்.

பார்சல் போய்ச் சேர்ந்த அன்று மச்சான் வீடியோ காலில் வந்தார். "கூடு பளபளன்னு இருக்கு, ஆனா அடியில எழுத்தே இல்ல மச்சான்" என்றார். ஒவ்வொரு கூட்டின் அடியிலும் கம்பெனி பெயரும் தோட்டாவின் பெயரும் அச்சாகி இருக்கும். இதில் மொட்டை. கேமரா பக்கத்தில் கொண்டுவரச் சொன்னேன். மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடிதான் பிரைமர்; அது உட்காரும் குழியைச் சுற்றி நூல் நூலாக வட்டக் கோடுகள். பாலிஷ் போட்டால் அப்படி விழாது. கூட்டை லேத்தில் மாட்டி அடியை ஃபேசிங் அடித்தால், அதாவது டூலால் மட்டமாகச் சீவினால்தான் விழும். அதையும் ஒழுங்காகச் செய்யவில்லை. டூல் நடுங்கிய தடம் தெரிகிறது. ஒரு கூட்டில் 'REM' என்பதன் கடைசி எழுத்து மட்டும் அரைகுறையாக மிச்சமிருந்தது.

வெர்னியரை எடுக்கச் சொன்னேன். நீளம் 63.3. அடுத்தது 63.2. இன்னொன்றும் அப்படியே. யாரோ ஒரு ரேஞ்சில் சுட்டுப்போட்ட 7 மி.மீ. ரெமிங்டன் கூடுகளைப் பொறுக்கி, கழுத்தை 300-க்கு விரித்து, அடியெழுத்தைச் சீவி, அமிலத்தில் முக்கிப் புதுசு என்று அனுப்பியிருக்கிறார்கள்.

இதில் ஆபத்து எங்கே இருக்கிறது என்று கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். இந்தக் கூடு 300 வின்செஸ்டர் துப்பாக்கிக்குள் போகாமல் இருந்தால் பிரச்சினையே இல்லை, திருப்பி அனுப்பிவிடலாம். ஆனால் போகும். பெல்ட்தான் கூட்டைத் துப்பாக்கியின் தோட்டா அறைக்குள் நிறுத்துகிறது. பெல்ட் ஒரே அளவு என்பதால் அறையைப் பின்னாலிருந்து அடைக்கும் போல்ட்டும் சுகமாக மூடிக்கொள்ளும். உள்ளே தோளுக்கு முன்னால் நான்கு மில்லிமீட்டர் வெறும் இடம். சுட்டதும் பித்தளை அந்த இடத்தை நிரப்ப முன்னால் பாய்ந்து, பெல்ட்டுக்குச் சற்று மேலே சுவர் மெலிகிறது. ஏற்கெனவே சுட்டு, இழுபட்டு, கழுத்து விரிக்கப்பட்ட பித்தளை வேறு. அந்த இடத்தில் வெட்டு விழுந்தால் சூடான வாயு பின்பக்கமாக, சுடுகிறவர் முகத்தை நோக்கி வரும்.

சீவிய அடி இன்னொரு வினை. கால் மில்லிமீட்டர் சீவினாலே பிரைமர் குழியின் ஆழம் அவ்வளவு குறைந்துவிடும். பிரைமர் அடியோடு சமமாகவோ கொஞ்சம் உள்ளடங்கியோ உட்கார வேண்டும். இதில் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். போல்ட்டை வேகமாக மூடும்போதே அடிபட்டு வெடிக்க வாய்ப்பிருக்கிறது. சீவிய ஆளுக்கு லேத்து தெரிந்திருக்கிறது, தோட்டா தெரியவில்லை. இல்லை, தெரிந்தே செய்தாரோ என்னவோ.

டை செட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பெட்டியில் '300 மேக்னம்' என்று கையால் எழுதி ஒட்டியிருந்தது. ஸ்டிக்கரைப் பிய்த்தால் டை மேலேயே 300 வெதர்பி என்று வெட்டியிருந்தது.

ஆளிடம் போய்க் கேட்டேன். முதலில் சிரித்தார். பித்தளை பித்தளைதானே என்றார். நான் அளவைச் சொன்னதும், "அண்ணா, மச்சானை ரைஃபிளை மாத்தச் சொல்லுங்க, 7 மி.மீ. தான் இப்ப ஓடுது" என்றார். இதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். 7 மி.மீ. ரெமிங்டன் நல்ல தோட்டாதான். உதைப்பு குறைவு, மெலிந்த நீளக் குண்டு என்பதால் தூரம் போனாலும் வேகம் சீக்கிரம் விழாது. 300 வின்செஸ்டர் கனமான குண்டைத் தள்ளும், சுடுகிறவர் தோளில் நன்றாகவே உதைக்கும். குழல் வாயில் இரண்டுமே 4,000 ஜூலைத் தாண்டும்; இருநூறு மீட்டரில் நிற்கும் குடூவுக்கு எது பட்டாலும் வித்தியாசம் தெரியாது. புதிதாக வாங்குகிறவர் இரண்டில் எதற்கு அந்த ஊரில் கூடும் குண்டும் சுலபமாகக் கிடைக்கிறதோ அதை வாங்கலாம். வெதர்பி வேகம் அதிகம், ஆனால் கூட்டின் விலையும் அதிகம். பெல்ட்டே வேண்டாம் என்றால் 2018-இல் வந்த 300 பிஆர்சி என்ற தோட்டா இருக்கிறது. இதெல்லாம் துப்பாக்கி வாங்குவதற்கு முன்னால் யோசிக்க வேண்டியது. இவர் தன் குப்பையைத் தள்ளுவதற்காக மச்சான் துப்பாக்கியை மாற்ற வேண்டுமாம்!

கடைசியில் ஒரு சமாதானம் சொன்னார் பாருங்கள், அதற்காகத்தான் முக்கியமாக இந்தப் பதிவு. பணம் தர முடியாது, அதற்குப் பதிலாக ஒரு ரீலோடிங் பிரஸ்ஸும் (தோட்டா கட்டும் கை மெஷின்) கொஞ்சம் கூடும் இங்கேயே தருகிறேன், பட்டறையில் வைத்திருந்து மச்சான் வரும்போது கொடுத்தனுப்புங்கள், வெறும் இரும்புதானே என்றார். வெறும் இரும்பு இல்லை. 1959 ஆயுதச் சட்டத்தில் 'அம்யூனிஷன்' என்பதற்கான விளக்கத்திலேயே அதன் பாகங்களும் அதைத் தயாரிக்கும் இயந்திரங்களும் அடக்கம். லைசென்ஸ் இல்லாமல் அது உங்கள் பட்டறையில் இருந்தால் போலீஸ் உங்களைத்தான் தேடி வரும், அவரை இல்லை. ஏர்போர்ட்டில் பையில் மறந்துபோன ஒற்றைத் தோட்டாவுக்கே வழக்குப் போட்டு, கோர்ட் வரைக்கும் அலைந்தவர்கள் இருக்கிறார்கள். அந்த ஆள் நீட்டினால் கையால்கூடத் தொடாதீர்கள்.

மச்சான் அந்தக் கூடுகள் அத்தனையையும் வைஸில் வைத்து நசுக்கிவிட்டார், வேறு யார் கைக்கும் போய்விடக் கூடாது என்று. நசுக்குவதற்கு முன்னால் ஒவ்வொன்றாகப் படம் எடுத்து வைத்திருக்கிறோம். சைபர் மோசடிப் புகாருக்கான 1930-க்குப் போன் போட்டுப் புகார் எண் வாங்கினேன். பணம் போய் வாரக்கணக்கில் ஆகிவிட்டதால் அந்தக் கணக்கில் ஒன்றும் மிச்சமில்லை. ஸ்டேஷனில் எழுத்துப் புகாரும் கொடுத்தாயிற்று. விசாரணை நடப்பதால் பெயரைப் போடவில்லை. ஆள் இன்னும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் '300 மேக்னம் புது ஸ்டாக்' என்று படம் போட்டுக்கொண்டுதான் இருக்கிறார், படத்தில் கூட்டின் அடிப்பக்கம் மட்டும் தெரியாது. இவரிடம் பணம் கட்டியவர்கள், ஜிபே ரசீதும் வாட்ஸ்அப் பேச்சும் கையில் இருந்தால் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள். எங்கள் புகாரோடு சேர்த்துக் கொடுக்கலாம்.